கம்மியா வாசிக்கிற பொண்ணு

1

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் என் மகள் இனியா கீபோர்டு வாசிக்கிறாள். அவள் வாசித்ததற்கு அடியில் யாரோ குத்துப்பாட்டுத் தாளத்தைச் சேர்த்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, என் அண்ணன் மகன் பிரபுதான். அவள் ஒரு கட்டையை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் இடத்திலெல்லாம் திரையில் ஒரு பூனை வந்து கொட்டாவி விடுகிறது. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அவற்றுக்கு நடுவே ஒரு சித்தப்பா எழுதியிருக்கிறார்: "செவிடன் காதில் ஊதிய சங்கு."

செவிடன் என்று அவர் சொன்னது என் அண்ணனை. விழா அண்ணனுடையது, அறுபதாம் கல்யாணம். அவருக்குக் காது மந்தம்.

நான் ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில், காது கேட்கும் கருவி பொருத்தித் தரும் கடையில் வேலை செய்கிறேன். காலையிலிருந்து மாலைவரை காது கேளாதவர்களோடுதான் என் பிழைப்பு. அந்தப் பழமொழியைச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தப்பு முழுவதும் செவிடன்மேல். சங்கை எடுத்துக்கொண்டு வந்தவருக்கு ஊதத் தெரிந்ததா, எந்த இடத்தில் நின்று ஊதினார், கூடவே எத்தனை பேர் தவுல் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்க நாதியில்லை.

குழுவில் பதில் எழுத உட்கார்ந்தேன். "வேணாம் செல்வி, எல்லாரும் பெரியவங்க" என்றார் என் கணவர். பெரியவர்கள் சிரித்தால் வேடிக்கை, நான் பதில் சொன்னால் சண்டை. சரி, குழுவில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். வீடியோ ஒரு நிமிடம்கூட இல்லை. அதில் வராதது நிறைய இருக்கிறது.

2

நாங்கள் ஹானோவருக்கு வந்து இந்த ஆவணியோடு இருபது வருடம். "அந்த ஊரு அமைதியா இருக்குமாமே" என்று ஊரில் கேட்பார்கள். இருக்கும். அந்த அமைதிக்குச் சட்டம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, காவலுக்கு ஆட்களும் இருக்கிறார்கள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தம் கூடாது. இரவு பத்துக்கு மேல் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் கூடாது. வந்த புதிதில் ஞாயிறன்று குக்கர் விசில் அடித்ததற்குக் கீழ்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினார். பருப்பு வேகிறது என்று சொல்ல எனக்கு மொழி இல்லை. பருப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

இனியா ஆறு வயதில் பியானோ வகுப்பில் சேர்ந்தாள். வீட்டுக்கு ஒரு பழைய பியானோவும் வந்தது. கீழ்வீட்டு அம்மாளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று கேக் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பயிற்சி செய்வதற்கும் வாந்தி எடுப்பதற்கும் ஜெர்மனில் ஒரே மாதிரித் தொடங்கும் இரண்டு சொற்கள் உண்டு. "என் மகள் இனிமேல் தினமும் இரண்டு மணி நேரம் வாந்தி எடுப்பாள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, சிரித்த முகத்தோடு கேக்கை நீட்டினேன். அந்த அம்மாள் அதை வாங்கிக்கொண்டதே பெரிய விஷயம்.

பொறுத்துக்கொள்ளவில்லை. வருடக்கணக்கில் புகார் மேல் புகார். வீட்டு நிர்வாக அலுவலகத்துக்கு மூன்று முறை போய் நின்றேன். எந்த நேரத்தில் வாசிக்கலாம் என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு சத்தமாக வாசிக்கலாம் என்பதற்கு வேறொருவரைப் பார்க்க வேண்டும். அவர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பியானோவை அந்த அலுவலகத்து வாசலிலேயே போட்டு வாசிக்கச் சொல்லியிருப்பேன்.

இனியா சண்டை போடவில்லை. பதினாறு வயதில் ஒருநாள் பியானோவின் மூடியைத் திறந்து, உள்ளே கம்பியைத் தட்டும் சுத்திகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே ஒரு கம்பளித் துணியைக் கட்டிவிட்டாள். சத்தம் பாதியாகி, பக்கத்து அறையில் யாரோ வாசிப்பதுபோலக் கேட்டது. கட்டையை வேகமாக அடித்தால் அதில் ஒன்றும் தெரியாது. மெதுவாக, ஒவ்வொன்றாகத் தொட்டால்தான் நன்றாக இருக்கும். அவள் வாசிப்பே அதற்குப் பிறகு மாறிப்போனது. பெரிய பெரிய உருப்படிகளை எல்லாம் விட்டாள். நாலு ஸ்வரம், ஐந்து ஸ்வரம். அதையே திரும்பத் திரும்ப. நடுவில் ஒன்றுமில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். மழையிலும் பனியிலும் டிராம் பிடித்து வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனது இந்த ஐந்து ஸ்வரத்துக்கா? இதை முதல் மாதத்திலேயே வாசித்திருக்கலாமே. "ஏண்டி, மிச்ச கட்டையெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டேன். அவள் ஜெர்மனில் ஏதோ சொன்னாள். பதினைந்து வயதுக்கு மேல் என்னிடம் கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது.

3

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அன்று கடையில் எனக்கு ஏழெட்டுப் பேருக்குப் பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மிகச் சின்ன ஒலிகளை அனுப்புவோம். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்காதபோது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அழுகை வரும். ஏதோ வருகிறது என்று காத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த முகங்களோடு வீட்டுக்கு வந்து துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் இவள் அந்த ஐந்து ஸ்வரத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஒலி வந்து, கரைந்து, முழுதாக முடிகிறவரை அடுத்தது வரவில்லை. அந்த இடைவெளியில் இஸ்திரிப்பெட்டி ஈரத்துணியில் சீறியது கேட்டது. கீழே சைக்கிள் ஒன்று போனது. அடுத்த ஒலி வந்தபோது அதற்காக நான் காத்திருந்தேன் என்று தெரிந்தது. நானும் அந்தக் கண்ணாடி அறைக்குள் இருக்கிறவர்களைப்போல நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னை அழு என்று சொல்லவில்லை, ஆடு என்றும் சொல்லவில்லை. சட்டையை மடித்து வைத்தபோது மனம் லேசாக இருந்தது. இந்த வாசிப்பில் இருப்பது இவ்வளவுதான். கேட்கிறவருக்கும் அதில் கொஞ்சம் இடம் விட்டிருக்கும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு வேறு கோபம் பிடித்துக்கொண்டது. இந்த மாதிரி இசையைத்தான் பல் டாக்டர் வரவேற்பறையில் போடுகிறார்கள். விமானம் தரையிறங்கும்போது போடுகிறார்கள். தூக்கம் வராதவர்களுக்கு, கவனம் சிதறுகிறவர்களுக்கு, குளிக்கிறவர்களுக்கு என்று சீட்டு ஒட்டி, மருந்துக்கடைச் சரக்கைப்போல விற்கிறார்கள். ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்ததை இன்னொருவர் தூங்குவதற்குப் போட்டுக்கொள்வது என்ன நியாயம்? இதில் நம் ஊரும் தப்பவில்லை. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி எத்தனை கடைகளில் மௌனம் விற்பனைக்கு இருக்கிறது என்று போனவர்களுக்குத் தெரியும். உள்ளே கிண்ணத்தைத் தட்டி அமைதி சொல்லிக்கொடுப்பார்கள். வாசலில் நாலு திசைக்கும் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். உள்ளே இருக்கிறவர் வெளியூர்க்காரர், சத்தத்தில் இருக்கிறவர் உள்ளூர்க்காரர்.

4

என் அண்ணன் ஏழுமலை கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை உடைக்கும் மெஷின் வைத்திருந்தார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்த மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று பேசினால் வாய் அசைவதுதான் தெரியும். அப்படி முப்பது வருடம். காதை அடைத்துக்கொள்ள ஒரு பஞ்சுகூட யாரும் கொடுக்கவில்லை. இங்கே ஹானோவரில் புல் வெட்டுகிறவர்கூடக் காதுக்கு மூடி போடாமல் மெஷினைத் தொட மாட்டார். அதை முதல் முறை பார்த்த அன்று, நடுத்தெருவில் நின்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அண்ணனுக்குக் காது போனதும் வீட்டில் எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள். சாப்பிடக் கூப்பிடுவதும் கத்தல், நலம் விசாரிப்பதும் கத்தல். அவர் மெல்ல மெல்ல ஒதுங்கிப்போனார். போன முறை ஒரு கருவி கொண்டுபோய் என் கையாலேயே பொருத்தினேன். ஒரு வாரம் போட்டார். பிறகு அது பீரோவுக்குள் போய்விட்டது. "எல்லாம் ஒண்ணா மோதுதும்மா. சோத்துல மண்ணு கலந்தாப்ல இருக்குது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நல்ல காது பத்து சத்தத்துக்கு நடுவே வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளும். கருவி பத்தையும் சேர்த்துக் கொடுக்கும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஒலி வந்தால் அவருக்கு நன்றாகவே கேட்கும். எங்கள் வீட்டில் ஒரு சமயத்தில் ஒருவர் பேசிய சரித்திரம் கிடையாது.

இனியாவுக்கு இந்த மாமா என்றால் உயிர். ஏழு வயதில் ஒரு கோடை விடுமுறைக்குப் போயிருந்தபோது, அவள் தமிழைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு முறை சொல்லச் சொல்லிச் சிரித்தார்கள். மாமாவுக்கு அவள் பேசியது கேட்கவில்லை, அதனால் அவர் சிரிக்கவில்லை. இருவரும் மெஷின் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை இல்லாமல், முறம் முறமாகக் கல் பொறுக்கினார்கள். அதற்குப் பிறகு வளர வளர அவள் ஊருக்கு வர மறுத்தாள். "அங்கே எல்லோரும் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள், என்னோடு யாரும் பேசுவதில்லை" என்பாள்.

இப்போது பத்தொன்பது வயது. மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் என்றதும் தானாகவே வந்து கேட்டாள். "அம்மா, நான் மாமாவுக்கு வாசிக்கலாமா? அவருக்குக் கேட்குமா?" கேட்கும் என்றேன். கருவியைப் போட்டுக்கொண்டால், மற்றவர்கள் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால், கேட்கும். "அப்போ வர்றேன். ஆனா கேட்கலைன்னா, இனிமே என்னை வரச் சொல்லாதீங்க" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அவளுடைய வெளிநாட்டு இந்தியர் அட்டையைப் புதுப்பிக்கப் போனால், புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முடியை ஒதுக்கி மறுபடி எடுத்தோம். ஒரு காதுதான் தெரிகிறது என்று அதையும் திருப்பினார்கள். காதைக் காட்டினால்தான் நாட்டுக்குள் விடுவார்கள். உள்ளே போனபிறகு அந்தக் காதை வைத்துக்கொண்டு என்ன பாடுபட வேண்டும் என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது.

5

குழப்பம் ஒரே ஒரு சொல்லில் தொடங்கியது. கம்மி.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கம்மி, ஜாஸ்திதான். டிவி சத்தத்தைக் கம்மி பண்ணு, உப்பு கம்மியா போடு. இனியாவுக்குத் தெரிந்த தமிழில் அது நல்ல சொல். கீழ்வீட்டு அம்மாளுக்குப் பிடித்ததும் கம்மி, குழம்பில் அவளுக்குப் பிடித்ததும் கம்மி. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணி அவளிடம் கேட்டார். "பாப்பா, இன்னா பாட்டு வாசிக்கப் போற?"

"பாட்டு இல்ல அத்தை. நான் கம்மியா வாசிப்பேன்" என்றாள் இனியா.

சின்னதாக, அளவாக, தேவையானதை மட்டும் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். அண்ணிக்குக் கேட்டது வேறு. பொண்ணுக்கு வாசிப்பு கம்மியாகத்தான் வருமாம். அண்ணி நல்லவர், மனசு கேட்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பிரபுவிடம் சொல்லி வைத்தார். மேடையில் மைக் பிடிப்பது அவன். "கொழந்த பயப்படுது, நீ ஒரு வார்த்த சொல்லிடு, யாரும் சிரிக்க வாணாம்னு."

விழா அன்று காலை அண்ணனுக்குக் கருவியை நானே போட்டுவிட்டேன். என் கைபேசியிலிருந்தே அதை இசை கேட்பதற்கான அமைப்புக்கு மாற்றி வைத்தேன். "இன்னிக்கு இனியா வாசிப்பா. அதுவரைக்கும் கழட்டாதண்ணா" என்றேன். "சரிம்மா" என்றார். நாயனமும் தவுலும் மந்திரமும் முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியும் அது எவ்வளவு வலி என்று. நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை மனுஷன்.

பந்திக்கு முந்தின நேரம், பிரபு மைக்கை எடுத்தான். "அடுத்ததா ஜெர்மனியில இருந்து வந்துருக்கற நம்ம இனியா! பாப்பாவுக்கு கம்மியாத்தான் வாசிக்கத் தெரியுமாம். யாரும் சிரிக்காதீங்க, கைதட்டி என்கரேஜ் பண்ணுங்க!" கூட்டம் உடனே சிரித்தது. இனியாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். புரிந்த பாதி போதும்.

அவள் உட்கார்ந்து முதல் ஸ்வரத்தைத் தொட்டாள். இரண்டாவது, மூன்றாவது. ஐந்தும் முடிந்து, அவள் வழக்கம்போல நிறுத்தினாள்.

சவுண்ட் சர்வீஸ் ரஃபி பாய் பதறிப்போனார். எங்கள் பக்கம் மூன்று தலைமுறையாக ரேடியோ செட் கட்டுகிற குடும்பம், எந்த விசேஷமும் அவர்கள் இல்லாமல் நடக்காது. சத்தம் நின்றால் ஒயர் பிடுங்கிக்கொண்டது என்றுதான் அவருக்கு அர்த்தம். குமிழை ஒரு திருகு திருகி, மைக்கில் ஊதினார். "ஹலோ, ஹலோ, செக், மைக் செக்." அதற்குள் அடுத்த ஸ்வரம் வந்தது, இரண்டு மடங்கு சத்தத்தில். மறுபடி இடைவெளி. மறுபடி "ஹலோ, செக்." மூன்றாவது முறை ஒலிபெருக்கி கீச்சென்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், நல்ல காதுக்காரர்களே பொத்திக்கொண்டார்கள். அண்ணன் துடித்துப்போய்க் காதிலிருந்து கருவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதைப் பார்த்துவிட்டாள் இனியா. அப்படியும் விரலை எடுக்கவில்லை. ரஃபி பாய்க்கு ஒயரில் பழுதில்லை என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் பொண்ணுக்குத்தான் வரவில்லை, பிரபுதான் முதலிலேயே சொன்னானே. உதவி செய்வோம் என்று மேடைக்கு ஏறி, கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். டும்டக்க டும்டக்க என்று தாளம் தானாக ஓடத் தொடங்கியது. கூட்டம் இப்போதுதான் கச்சேரி தொடங்கியதென்று கைதட்டியது. இனியா எழுந்து, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மேடையை விட்டு இறங்கினாள். அவள் போன பிறகும் தாளம் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. பிரபுவைப் பிடித்தேன். "உன்னை யார்டா அதச் சொல்லச் சொன்னது?" என்றால், "அய்ய, ஜாலியா சொன்னதுக்கு இன்னா அத்த இவ்ளோ டென்ஷன்?" என்கிறான். அண்ணி அழுகிறார். "அவளேதான் சொன்னா செல்வி, கம்மியா வரும்னு." யாரைக் குத்தம் சொல்வது? எல்லோரும் நல்லது செய்திருக்கிறார்கள். நல்லது செய்கிறேன் என்று நாலு பேர் சேர்ந்தால் ஒரு பெண்ணை எப்படிக் கொல்லலாம் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

6

அன்று சாயங்காலம் இனியா பெட்டியை அடுக்கினாள். விமானத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. சென்னைக்குப் போய் அங்கே இருந்துகொள்கிறேன் என்றாள். "மாமா கழட்டிட்டார்மா. நான் பார்த்தேன்." அவ்வளவுதான் பேசினாள். அது கீச்சுச் சத்தத்துக்காகக் கழட்டியது, உனக்காக இல்லை என்று தமிழில் சொன்னேன், ஜெர்மனில் சொன்னேன். தலையை ஆட்டினாள். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன? அவள் எதற்காக வந்தாளோ அது நடக்கவில்லை.

மறுநாள் காலை அண்ணன் என் எதிரில் வந்து நின்றார். கையில் கருவி.

"பாப்பா நேத்து வாசிச்சுதே, அது இன்னாம்மா?"

"உனக்காக அவளே போட்டதுண்ணா."

நான் சொன்னது கேட்டதோ, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ, அவர் முகம் சிவந்தது. என் அண்ணனுக்குக் கோபம் வந்து நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. "எனக்கு வாசிச்சத எனக்கு கேக்க உடாம பண்ணிட்டானுங்களா? ஊருக்கே கேட்டுது, எனக்கு கேக்கலையா?" என்று கத்தினார். பின்கட்டிலிருந்து அண்ணி ஓடிவந்தார். இத்தனை வருடம் மற்றவர்கள் அவரிடம் கத்திய கத்தலுக்கெல்லாம் சேர்த்துக் கத்துவதுபோல இருந்தது எனக்கு. "பாப்பா வாசிச்ச அந்த பொட்டி எங்க இருக்குது?"

கீபோர்டு ரஃபி பாய் வாடகைக்குக் கொடுத்தது, திரும்ப அவர் கடைக்கே போயிருந்தது. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு இனியாவின் அறை வாசலில் போய் நின்றார். கருவியை எடுத்து அவள் பார்க்கக் காதில் மாட்டிக்கொண்டார். வா என்று கை காட்டினார். பூட்டிய பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள்.

7

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறித் திருவண்ணாமலையில் இறங்கி, கடைவீதிக்குள் நடந்தோம். ரஃபி பாய் கடை முழுக்க ஒலிபெருக்கிக் குழாய்களும் ஒயர் சுருள்களும். எங்களைப் பார்த்ததும் சங்கடப்பட்டுக் கை கட்டிக்கொண்டு நின்றார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கமா. எங்க தொழில்ல சத்தம் நின்னுச்சின்னா ஜனங்க எங்களத்தான் அடிக்க வருவாங்க. நான் சின்ன வயசுல இருந்து அப்டித்தான் பழகிட்டேன்."

பஸ்ஸில் வரும்போது எனக்கு அவரிடம் சண்டை போடும் எண்ணம்தான் இருந்தது. அவர் சொன்னதைக் கேட்டதும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். பாப்பா வாசிக்கும்போது நடுநடுவே நிறுத்துவாள், அது பழுதில்லை, பாட்டே அதுதான் என்றேன். "அப்டியா?" என்று இனியாவைப் பார்த்தார். பிறகு ஒரு மரப்பெட்டியைக் குடைந்து, காலால் மிதித்தால் ஸ்வரத்தை நீள நிற்க வைக்கும் பெடல் ஒன்றை எடுத்துத் தூசி தட்டி மாட்டினார். மண்டபத்தில் அது இல்லாததால்தான் ஸ்வரங்கள் எல்லாம் பட்டுபட்டென்று அறுந்துபோயின. இனியா அதை ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக ஒருவருக்கு "தேங்க்ஸ்" சொன்னாள். பாய் கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்.

அவள் வாசித்தாள். ஐந்து ஸ்வரம் மேலே ஏறி நின்றது. வெளியே ஆட்டோ போனது, யாரோ பூ விலை பேசினார்கள். மறுபடி ஐந்து. அண்ணன் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கேட்கிறதா இல்லையா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பிழைப்பே முகம் பார்ப்பதாக இருக்கிற எனக்கே முடியவில்லை. மண்டபத்தில் முடிக்க விடாததை அவள் இங்கே கடைசிவரை வாசித்து முடித்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அண்ணன் தலையை நிமிர்த்தினார். பிறகு மெதுவாக, எண்ணி எண்ணிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அஞ்சஞ்சா ஏறுதில்ல? நடுவுல ஒருவாட்டி நாலுதான் வந்துச்சி. அஞ்சாவது வரும் வரும்னு நான் காத்துக்கினே இருந்தேன். வரல. மறந்துட்டியா பாப்பா?"

எனக்கு அது தெரியாது. மாதக்கணக்கில் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன், நாலு வந்த இடத்தை நான் கவனித்ததே இல்லை. இனியா மாமாவுக்கு நேராக நகர்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"மறக்கல மாமா. அங்க... அங்க காத்திருக்கணும். அதுக்குத்தான் விட்டேன்."

"அப்ப சரி" என்றார் அண்ணன். "நல்லா காத்திருந்தேன். மறுக்கா வாசி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். வெளியே ஒரு பஸ் ஹாரனை அடித்துக்கொண்டே போனது. ரஃபி பாய் பக்கத்தில் வந்து குனிந்து, "சவுண்டு கொஞ்சம் ஏத்தி வெக்கட்டுமாண்ணா?" என்று கேட்டார்.

"வாணாம் பாய். நான் கிட்ட போறேன்" என்று அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.